ஈரலையும் மூளையையும் எண்ணால் அறிதல்



நெற்றியைத் தொட்டுப் பார்த்த அம்மா "காய்ச்சல் காயுது" என்கிறார். வெப்பமானியோ 39 பாகை செல்சியஸ் எனக் காட்டுகிறது. முன்னையது பண்பறி அவதானம். பின்னையது அளவறி அவதானம். நாளை காய்ச்சல் குறைந்துள்ளதா என ஒப்பிட உதவுவது பின்னையதே. எம்.ஆர்.ஐ எனப்படும் காந்தப் பரிவு விம்பமாக்கலிலும் இவ்வேறுபாடு உண்டு.

தொழிற்படும் விதம்

உடலிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் ஐதரசன் அணுக்கள் உண்டு. அவற்றின் கருவான புரோத்தன் சிறு காந்தம் போலத் தொழிற்படும். வலிமையான காந்தப்புலத்தில் ஏற்ற மீடிறனுடைய வானொலி அலையைச் செலுத்தினால் புரோத்தன்கள் சக்தியை உறிஞ்சும். 1.5 ரெஸ்லா புலத்தில் அம்மீடிறன் ஏறத்தாழ 64 மெகாஹேட்ஸ் ஆகும். அலை நின்றதும் அவை சைகையை வெளிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும். இங்கு எக்ஸ் கதிர் பயன்படுவதில்லை. இம்முறை பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகப் போல் லோட்டபர், பீற்றர் மான்ஸ்பீல்ட் ஆகியோர் 2003 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

வழமையான படத்தில் கறுப்பு, வெள்ளை வேறுபாட்டை வைத்தியர் கண்ணால் ஒப்பிடுவார். அளவறி முறையில் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் பெறப்படும்.

ஈரல்

கடுமையான தலசீமியா நோயுள்ள பிள்ளைக்குச் சில வாரங்களுக்கொரு முறை குருதி ஏற்ற வேண்டும். ஒரு பை குருதியில் ஏறத்தாழ 200 - 250 மில்லிகிராம் இரும்பு உண்டு. மேலதிக இரும்பை வெளியேற்ற உடலில் தனி வழி இல்லாததால் அது ஈரலிலும் இதயத்திலும் படியும். அகற்ற மருந்து உண்டு. ஆனால் எவ்வளவு கொடுப்பது? முன்னர் ஊசி மூலம் ஈரலில் சிறு துண்டெடுத்துச் சோதித்தனர். அதில் வலியும் குருதிப்பெருக்கு அபாயமும் உண்டு. அத்துண்டோ ஈரலின் ஏறத்தாழ 50,000 இல் ஒரு பங்கு மாத்திரமே.

இரும்பு அயலிலுள்ள காந்தப்புலத்தைக் குழப்புவதால் சைகை விரைவாகத் தேயும். சாதாரண ஈரலில் 20 மில்லிசெக்கனுக்கு மேற்பட்ட தேய்வு நேரம், இரும்பு மிகுந்த ஈரலில் 2 மில்லிசெக்கனிலும் குறையலாம். இதிலிருந்து இரும்பின் அளவு கணிக்கப்படும். கத்தியும் ஊசியும் வேண்டியதில்லை.

கொழுப்பையும் இவ்வாறே அறியலாம். கொழுப்பின் சைகை 12, நீரின் சைகை 88 எனின், கொழுப்புப் பின்னம் 12 / (12 + 88) = 12%. ஏறத்தாழ 5% இலும் கூடினால் அது கொழுப்பு ஈரல் எனக் கொள்ளப்படும்.

1995 இல் மேயோ கிளினிக்கில் ராஜா முத்துப்பிள்ளையும் சகாக்களும் அதிர்வலைகளைக் கொண்டு இழையத்தின் விறைப்பை அளக்கும் முறையை வெளியிட்டனர். தழும்பேறிய ஈரல் விறைப்பானது என்பதால் இம்முறை இன்று ஈரல் நோயாளருக்கும் பயன்படுகிறது.

மூளை

பாரிசவாதத்தில் குருதி தடைப்பட்ட கலங்கள் வீங்குவதால் நீர் மூலக்கூறுகளின் பரவல் குறையும். வழமையான படத்தில் மாற்றம் தெரியுமுன்னரே பரவலின் அளவு அதனைக் காட்டிவிடும். அல்சைமர் நோயில் ஞாபகத்துடன் தொடர்புடைய ஹிப்போகாம்பஸின் கனவளவு சுருங்குவதையும் ஆண்டுக்கு ஆண்டு அளக்கலாம்.

கவனிக்குக: ஒரே முறையில், அளவு திருத்தப்பட்ட பொறியில் பெற்ற எண்களையே ஒப்பிடலாம். பிழையான தராசில் நிறுத்த நிறை போலவே பிழையான எண்ணும் ஏமாற்றும்.

பயிற்சி: மேற்கூறிய நோயாளிக்கு ஆறு மாதங்களின் பின் கொழுப்புச் சைகை 6, நீர்ச் சைகை 144 எனின், கொழுப்புப் பின்னம் யாது? முன்னேற்றம் உண்டா?
(விடை: 4%. உண்டு.)