உங்களுக்குத் தெரியுமா?

இன்று டாட்டூ கடைகளில் ரீங்கரிக்கும் மெஷினின் முன்னோடி, தோலுக்காகச் செய்யப்பட்டதல்ல. அலுவலகக் கடிதங்களை நகலெடுக்க தாமஸ் எடிசன் 1876-ல் காப்புரிமை பெற்ற மின்சாரப் பேனா அது! சின்ன மோட்டார் ஊசியை மேலும் கீழும் ஆட்டி, தாளில் வரிசையாகத் துளை போடும். அந்தத் தாள்மேல் மையை உருட்டினால் அடியில் நகல் ரெடி. 1891-ல் நியூயார்க்கின் சாமுவேல் ஓ'ரெய்லி இதே உத்தியில் பச்சை குத்தும் கருவிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

● டாட்டூ ஊசிக்குள் ஓட்டை கிடையாது. ஊசிமுனைகளுக்கு நடுவே தங்கும் மையைத் தோலில் விழும் துளைதான் இழுத்துக்கொள்கிறது.

● மை இறங்க வேண்டிய ஆழம் சுமார் 1 முதல் 2 மி.மீ. மேலாக நின்றால் உதிர்ந்துபோகும். ஆழம் கூடினால் கோடு நீலமாகக் கசியும். புதியவர்கள் செயற்கைத் தோலில் பழகுவது இதற்காகத்தான்.

● 'டிஸ்டில்டு வாட்டர்' சுத்தம்தானே? கிருமி நீக்கிய நீர் அல்ல அது! அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் டாட்டூ போட்டுக்கொண்ட 19 பேருக்குத் தோல் தொற்று இருப்பது 2012-ல் தெரியவந்தது. சாம்பல் மையைத் தயாரிப்பிலேயே அந்த நீரால் நீர்க்கச் செய்திருந்தார்கள்.

● ஹெபடைடிஸ் பி வைரஸ், காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாள் தாக்குப்பிடிக்கும். ஆகவே ஊசியும் மைக் கிண்ணமும் ஆளுக்கு ஒன்று. கிண்ணத்தில் மிஞ்சிய மையைப் பாட்டிலில் திருப்பி ஊற்றினால், அந்தக் கடையை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.