குறும்பும் குமுறலும்



கூட்டலும் கழித்தலும் கற்பிக்கலாம். சினத்தை ஆளவும் பிறர் துன்பத்தை உணரவும் பள்ளியிலே கற்பிக்க இயலுமா என்று கேட்போர் உண்டு. இயலும் என்பதே என் விடை. ஆனால் அதனை நான் கற்றுக்கொண்டது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அன்று. தலைமையாசிரியனாய் இருந்தபோது செய்த பிழையொன்றினால்.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், உடன் பயில்வோனுடைய கணக்கு நோட்டைக் கிழித்தெறிந்தான். காரணம் வினவினேன், வாய் திறக்கவில்லை. திமிர் என்று கருதி, மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவனை நிற்க வைத்தேன். பின்பு நான்கு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. வகுப்பாசிரியை அவன் வீட்டிற்குச் சென்றார். திண்ணையில் அவனருகே அமர்ந்து, "அன்று உனக்குக் கோபம் வந்ததா, அவமானமாக இருந்ததா?" என்று மட்டும் கேட்டாராம். பையன் அழுதுவிட்டான். அவன் தந்தை செருப்புத் தைப்பவர். அதைச் சொல்லி மற்றவன் வகுப்பே சிரிக்குமாறு ஏளனம் செய்திருக்கிறான்.

நானோ தமிழாசிரியனாகப் பணி தொடங்கியவன். தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் களம் நந்நான்கு என்று கூறுவதை அறிந்தவன். வெகுளி வேறு, இளிவரல் வேறு. (இக்காலத்து மாணவரிடம் வெகுளி என்றால் சூதறியாதவன் என்று பொருள் சொல்வர், அது நிற்க.) பையனிடம் இருந்தது இளிவரல். நான் அதை வெகுளியென்று கொண்டு, அவமானத்தின்மேல் அவமானத்தை ஏற்றினேன். படித்த நூல் உதவவில்லை. திண்ணையில் கேட்ட ஒரு வினா உதவிற்று.

அந்த வினாவிலேயே இக்கல்வியின் முதற்படி இருக்கிறது. தன் உள்ளத்தில் எழுவதற்குப் பெயரிடத் தெரிந்த பிள்ளைக்குக் கையை ஓங்குமுன் ஒரு கணம் கிடைக்கிறது. அடுத்தவன் முகத்தைப் பார்த்து அவன் நிலையை ஊகிப்பதும், கெடுத்ததைச் சீர்செய்வதும் பின்னர் வரும். இவை ஒருநாளில் வாரா. வாய்ப்பாடு போலப் பலகால் பயில வேண்டும்.

இத்தகைய பயிற்சித் திட்டங்கள் 213-ஐ ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் குழுவின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. 2,70,000-க்கும் மேற்பட்ட மாணவரைப் பற்றியது அது; நடத்தையில் மட்டுமன்றிப் படிப்பிலும் முன்னேற்றம் கண்டனர். தில்லி அரசுப் பள்ளிகளில் 2018-இல் எட்டாம் வகுப்பு வரை 'மகிழ்ச்சிப் பாடம்' தொடங்கினர். அதற்குத் தேர்வு வைக்கவில்லை. நல்ல முடிவு. இரக்கத்திற்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் இடுவது? ஆயினும் பாடவேளை ஒதுக்கினாலே போதும் என்று எண்ணலாகாது. பிரிட்டனில் 85 பள்ளிகளைக் கொண்டு, மனத்தை ஒருநிலைப்படுத்தும் வகுப்புகளை நடத்திப் பார்த்தனர். வழக்கமான கல்வியைவிட அவற்றால் மேலான பயன் விளையவில்லை என்று 2022-இல் அறிவித்தனர். காலையில் பொறுமையைப் போதித்து மாலையில் பிரம்பை எடுக்கும் ஆசிரியரிடம் பிள்ளை கற்பது பிரம்பைத்தான்.

அவன் திரும்பி வந்த அன்று, அதே வழிபாட்டுக் கூட்டத்தில், ஆராயாமல் தண்டித்தது என் தவறு என்று சொன்னேன். நா எளிதில் எழவில்லை. ஏளனம் செய்தவனைப் பற்றி அங்கே ஏதும் கூறவில்லை. மாலையில் இருவரையும் என் அறைக்கு அழைத்துப் பேச வைத்தேன். முதலில் தரையைப் பார்த்தார்கள், பிறகு பேசினார்கள். புது நோட்டொன்று வாங்கி வைத்திருந்தேன். கிழிந்த கணக்குகளை இருவரும் சேர்ந்து அதில் எழுதி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று.