எந்த வாசல் வழியாகப் போவது?

கேரளத்து நேத்ராவதியோ மதராஸ் வண்டியோ மும்பை எல்.டி.டி.யில் வந்து நின்றால், இறங்குகிற கூட்டத்தில் முதுகுப் பையோடு வெள்ளைக்காரர்கள் சிலரும் இருப்பார்கள். ஹார்பர் லைன் பிடிக்கத் திலக் நகர் ஸ்டேஷனுக்கு நடந்து வரும் வழியில் டீக்கடையில் நிற்பார்கள். பேச்சுக் கொடுத்தால் பாலி, பாங்காக், காத்மாண்டு, காசி என்று ஊர்ப்பெயர்களாக வரும். ஆன்மிகம் ததும்பும் கலையைத் தேடிச் சுற்றுகிறேன், இந்த ஊரில் அது எங்கே இருக்கிறது என்று நம்மிடமே கேட்பார்கள். நம் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, கேட்வேக்குப் போய்ப் படகு பிடித்து எலிஃபண்டா பார் என்று அனுப்பிவிடுவார்கள்.

சரியான பதில்தான், ஆனால் பாதி. மீதியைச் சொல்ல ஒரு கட்டிங் சாய் போதாது, இன்னொன்றும் சொல்லிவிடுங்கள். அவரிடம் சொல்வதற்கு முன்னால் நமக்கே இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்தத் தேடல் ஐந்நூறு வருஷத்துப் பழசு. 1498 மே மாதம் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். கடலுக்கு அப்பால் கிறிஸ்தவ ராஜ்யம் ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையோடு வந்த கூட்டம் அது. அந்த ஊர் அரசர் சாமூதிரியைப் பார்க்கப் போகும் வழியில் அவர்களை ஒரு பெரிய கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள். கல் கட்டடம், வாசலில் வரிசையாக ஏழு சின்ன மணிகள், நடுவே ஒரு சந்நிதி. இது தேவாலயம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பூசாரிகள் தீர்த்தம் தெளித்தார்கள். நெற்றிக்கு இட வெள்ளைப் பொடி கொடுத்தார்கள். பிறகு இட்டுக்கொள்கிறேன் என்று காமா அதைக் கூட வந்தவர் கையில் கொடுத்துவிட்டார். சுவரில் எழுதியிருந்த தெய்வங்களைப் புனிதர்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் புனிதர்களுக்குப் பல் ஓர் அங்குலம் வெளியே நீட்டியிருந்தது, நாலைந்து கைகள் இருந்தன என்று அவர்களோடு போனவரின் நாட்குறிப்பே சொல்கிறது. அப்படியும் அங்கே ஜெபம் செய்தார்கள். மண்டியிட்டவர்களில் ஒருவருக்குச் சந்தேகம் வந்து, இது பிசாசாக இருந்தால் என் வணக்கம் நிஜமான கடவுளுக்கே என்று சொன்னாராம். காமா அதைக் கேட்டுப் புன்னகைத்தார் என்று பின்னால் வந்த போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

அதே கோழிக்கோட்டைப் பார்த்துவிட்டுப் போன இத்தாலியர் வர்த்தேமா 1510இல் ரோமில் புத்தகம் போட்டார். அரசரின் பூஜையறையில் அவர் கண்டது சாட்சாத் சாத்தான்: போப்பாண்டவருடையதைப் போன்ற மும்முடிக் கிரீடம், நாலு கொம்பு, நாலு பெரிய பல், சேவல் கால். அப்படி ஒரு விக்கிரகத்தை நம் சிற்பி யாரும் வார்த்ததில்லை. அவர் ஊர்த் தேவாலயச் சுவர்களில் எழுதியிருந்த நரகக் காட்சியைத்தான் அவர் இங்கே பார்த்தார். காமாவின் கூட்டம் கோயிலில் புனிதர்களைக் கண்டதும் இதே வழியில்தான். பார்த்தா மித்தர் என்ற கலை வரலாற்றாசிரியர் 1977இல் வெளியிட்ட ஆய்வு நூல் முழுக்க இந்தக் கதைதான். மேல்நாட்டார் கண்ணில் நம் சிற்பங்கள் எப்படி அரக்கர்களாகவே தெரிந்தன என்று பொறுமையாக எடுத்துக்காட்டுகிறார்.

இனி நம் கடலுக்கு வருவோம். டிராம்பே கரைக்கு எதிரே தெரியும் தீவுதான் காராபுரி. கரையில் நின்ற கல் யானையைப் பார்த்துப் போர்ச்சுகீசியர் வைத்த பெயர் எலிஃபண்டா. குகையில் இருந்த கல்வெட்டு ஒன்றைப் பெயர்த்து லிஸ்பனுக்கு அனுப்பினார்கள். படிக்க ஆள் கிடைக்கவில்லை, கல்லும் பிறகு காணாமல் போயிற்று. குகையைக் குடைந்தது எந்த அரசர் என்று இன்றுவரை அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருப்பதற்கு அந்த ஒரு கல் இல்லாததே பெரிய காரணம். நினைத்தால் வயிறு எரிகிறது. யானையை வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப் பார்த்து, அது உடைந்து, துண்டுகளை ஒட்டவைத்து, இன்று பைக்குள்ளா பாவ் தாஜி லாட் மியூசியத்தின் பக்கத்தில் நிற்கிறது. திலக் நகரிலிருந்து குர்லாவில் வண்டி மாறினால் பைக்குள்ளா. பிள்ளைகளோடு ஒருமுறை போய்வாருங்கள்.

அந்த மியூசியத்தின் ஆரம்ப காலக் கியூரேட்டர் ஜார்ஜ் பேர்ட்வுட். பெல்காமில் பிறந்தவர், பம்பாயில் மருத்துவர். நம் நெசவையும் பித்தளை வேலையையும் உயிராக நேசித்தவர். 1880இல் இந்தியக் கைத்தொழில்களைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் பயன்படுகிறது. அப்படிப்பட்டவர், 1910 ஜனவரியில் லண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில், ஜாவாத் தீவின் தியான புத்தர் சிலையின் படத்தைக் காட்டி, கொழுப்பு சேர்த்து அவித்த புட்டிங்கை வைத்தாலும் இதே சாந்தம் கிடைக்கும் என்கிற அர்த்தத்தில் பேசினார். இந்தியாவில் கைவினை உண்டு, உயர்ந்த கலை என்று ஒன்று கிடையாது என்பது அவர் கட்சி. அந்தக் கூட்டத்தில் உரையாற்ற வந்திருந்தவர் ஹேவல். நம் மதராஸ் ஓவியப் பள்ளியில் சுமார் பத்து வருஷம் தலைவராக இருந்தவர். கலைஞர்களும் விமர்சகர்களுமாகப் பதின்மூன்று பேர் கையெழுத்திட்ட மறுப்புக் கடிதம் பிப்ரவரி 28 அன்று டைம்ஸில் வந்தது. அதே வருஷம் ஹேவல், ஓவியர் ரோதன்ஸ்டைன், கொழும்பில் பிறந்த தமிழரின் மகன் ஆனந்த குமாரசுவாமி எல்லோரும் சேர்ந்து இந்தியா சொசைட்டியைத் தொடங்கினார்கள். தாகூரின் ஆங்கில கீதாஞ்சலியை 1912இல் முதலில் அச்சிட்டது அந்தச் சங்கம்தான்.

பேர்ட்வுட் கெட்ட மனிதரில்லை. கிரேக்கச் சிலையைப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. நரம்பும் தசையும் முறுக்கேறி நிற்க வேண்டும், உடம்பு எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும். ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பதைக் கல்லில் கொண்டுவருவது எவ்வளவு பெரிய வேலை என்பது அந்தக் கண்ணுக்குப் படவில்லை.

எலிஃபண்டாவுக்குள் இப்போது நுழைந்து பார்ப்போம், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. படி ஏறி வருகிறவர்கள் வடக்கு வாசலில்தான் நுழைகிறார்கள். வாசலின் ஒரு பக்கம் ஆடுகிற சிவன், மறுபக்கம் யோகத்தில் அமர்ந்த சிவன். நேர் எதிரே, குகையின் அடிச்சுவரில், சுமார் 20 அடி உயரத்துக்கு மார்பளவு மட்டும் எழுந்து நிற்கிறது அந்த மூன்று முகம். ஆறாம் நூற்றாண்டு வேலை. கைடுகள் பிரம்மா, விஷ்ணு, சிவன் என்று சொல்லிவிடுவார்கள், மூன்றும் சிவன்தான். தேவாரம் ஓதுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஈசானம், தத்புருஷம், அகோரம், வாமதேவம், சத்யோஜாதம் என்ற ஐந்து முகம் தெரியும். நடுவில் கண்மூடி இருப்பது தத்புருஷம். நமக்கு இடப்பக்கம் மீசையும் சுருங்கிய புருவமும் பாம்புமாக அகோரம். வலப்பக்கம் கையில் தாமரையோடு, பெண்ணின் மென்மையோடு வாமதேவம். நாலாவது முகம் பாறைக்குள் பின்பக்கம் பார்த்திருக்கிறது. ஐந்தாவது மேலே, கண்ணுக்கு எட்டாதது. சிற்பி செதுக்காமல் விட்டதும் இந்தச் சிலையில் சேர்த்திதான்.

பயணிகள் இதன் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு, மலைத்து நின்று, திரும்பிவிடுகிறார்கள். மலைக்க வேண்டிய முகம்தான். ஆனால் கோயிலின் மூலஸ்தானம் அது இல்லை. மண்டபத்தின் மேற்குப் பாதியில் தனியாக ஒரு சதுர அறை நிற்கிறது. நாலு பக்கமும் வாசல். ஒவ்வொரு வாசலிலும் இரண்டிரண்டாக எட்டுத் துவாரபாலகர்கள், ஆள் உயரத்தைவிடப் பெரியவர்கள். உள்ளே ஒரு லிங்கம். செதுக்கல், அலங்காரம் ஒன்றும் கிடையாது, வெறும் கல். கிழக்கு முற்றத்திலிருந்து உள்ளே வருகிறவருக்குத் தூண்வரிசையின் முடிவில் நேராகத் தெரிவது இந்த அறைதான். ராவணன் கயிலையை அசைப்பது, கங்கையைச் சடையில் தாங்குவது, உமையின் கல்யாணம், அர்த்தநாரி என்று சுவர் முழுக்கக் கதைகள். மூன்று முகத்தில் கதை அடங்கிவிடுகிறது. லிங்கத்தில் முகமே இல்லை. அருவுருவம் என்று நம் சைவர்கள் சொல்வதைப் பாறையில் நடந்து பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். ஆன்மிகக் கலையைத் தேடி வருகிறவர் முகத்தோடு நின்றுவிட்டால், இங்கே அவர் தேடிய இரண்டில் கலை மட்டும்தான் கிடைக்கும். அவரை இடது கைப் பக்கமாகச் சுற்றி முற்றத்துக்குப் போய், கிழக்கிலிருந்து மறுபடி உள்ளே வரச் சொல்லுங்கள். திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சரியாகப் பார்த்தவர்களும் உண்டு. 1763, 64இல் பம்பாயில் தங்கியிருந்த ஐரோப்பியப் பயணி கார்ஸ்டன் நீபூர் தீவுக்குத் திரும்பத் திரும்பப் போய், குகையை அளந்து, தளவரைபடம் போட்டு, சிற்பங்களை வரைந்தார். கூட வந்த ஆய்வுக் குழுவில் அவர் ஒருவர்தான் கடைசியில் உயிரோடு ஊர் திரும்பியவர். சுவிட்சர்லாந்துச் சிற்பி ஆலிஸ் போனர் 1930இல் நடனக் கலைஞர் உதய் சங்கரோடு இந்தியா வந்தார். 1936 முதல் காசியில் அஸ்ஸி கட்டத்தில் பல பத்து வருஷம் வாழ்ந்தார். எல்லோரா போன்ற குகைகளின் சிற்பங்களுக்கு அடியில் ஒரு வட்டமும் அதைப் பிரிக்கும் ஆரக் கோடுகளும் இருப்பதாகக் கண்டு, எந்தக் கை எந்தக் கோட்டில் நீள்கிறது என்று வரைந்து காட்டி 1962இல் நூலாக வெளியிட்டார். அந்தக் கோடுகளை எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனாலும் சிற்பியாக இருந்ததால் சிற்பியிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார், அதற்கு ஆயுளையும் கொடுத்தார். 1974இல் பத்மபூஷண் வந்தது.

தீவுக்குப் போக நேரமில்லை என்கிற பயணிக்கு இங்கேயே வழி இருக்கிறது. செட்டா நகர் முருகன் கோயிலுக்கு அபிஷேக நேரத்தில் அழைத்துப் போங்கள். பட்டும் பூவும் சாத்தி விக்கிரகமே மறைந்துவிட்டதே என்று அவர் குறைப்பட்டால், அந்த அலங்காரமும் ஒருவர் கைவேலைதான், தினமும் கலைத்துத் தினமும் செய்வது என்று சொல்லுங்கள். கணபதி சமயமென்றால் இன்னும் நல்லது. சஹ்யாத்ரி கிரீடா மண்டலின் பெரிய செட்டைப் பார்க்கத் திலக் நகரில் ஊரே திரளும். அதை அவரே பார்த்துக்கொள்வார். நீங்கள் காட்ட வேண்டியது பிள்ளையார் செய்கிற பட்டறை. உடம்புக்கெல்லாம் வர்ணம் அடித்து முடிந்த பிறகு, கை தேர்ந்த ஒருவர் மட்டும் மெல்லிய தூரிகையோடு வந்து கண் எழுதுவார். மூச்சை அடக்கி, இமைக் கோடு, கருவிழி, கடைசியாக அதில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதன் பிறகு முகத்தைத் துணியால் மூடித்தான் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். பிராணப் பிரதிஷ்டைக்கு முன் யாரும் பார்ப்பதில்லை. பத்து நாள் கழித்து, உத்தர பூஜை முடிந்ததும், அந்தக் கண்ணோடு அது தண்ணீருக்குள் போகும். ஏன் அழிக்கிறீர்கள் என்று அவர் நிச்சயம் கேட்பார். பூஜை முடிந்ததும் சாமி புறப்பட்டுவிட்டார், இருப்பது மண் என்று சொல்லுங்கள். அடுத்த வருஷம் அதே கை இன்னொரு மண்ணில் மறுபடி கண் எழுதும்.