ஆடும் பல்லை அவசரப்பட்டுப் பிடுங்கலாமா?

"ஈறில் ரத்தம் வருகிறது, எல்லாம் சூடு" என்று இளநீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர் மர்பி டவுனில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். பல்வலி என்றால் லீவு போட்டுவிட்டு ஓடுகிறோம். ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆபத்தே அதில்தான்!

சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் படியும் அழுக்கில் கிருமிகள் குடியிருக்கின்றன. துலக்கி அகற்றாவிட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கல்லாக இறுகிவிடும். இதுதான் காறை. பிரஷ், வேப்பங்குச்சி எதற்கும் அது பெயராது. முதலில் ஈறு சிவந்து வீங்கும். துலக்கும்போது ரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் டாக்டரிடம் போய்ச் சுத்தம் செய்தால் முழுவதும் குணமாகும். விட்டுவிட்டால், பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு தானாக வளராது.

பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டும். புகை ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் ஈறில் ரத்தம் வருவது குறைந்துவிடும். "எனக்கு ஒன்றும் இல்லை" என்று இருப்பார்கள். திடீரென்று ஒருநாள் பல் ஆடும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் ஈறு சீக்கிரம் கெடும். பல்பொடியில் புகையிலை சேர்க்க 1992-ல் மத்திய அரசு தடை விதித்தது. புகையிலைத் தூளை ஈறில் தேய்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

சுத்தம் செய்தால் ஆடுமா?

"சுரண்டினால் நல்ல பல்லும் ஆடிவிடும்" என்ற பயம் நம்மவர்களுக்கு அதிகம். காறை என்பது ஆடும் பல்லுக்கு முட்டுக்கொடுத்த சிமெண்டு மாதிரி. அதை எடுத்ததும், ஏற்கனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. அவ்வளவுதான். வீக்கம் வற்றியதும் லேசாக ஆடிய பல் இறுகுவதும் உண்டு.

நோய் ஆழமாகப் போயிருந்தால் வேர்வரை சுரண்டுவார்கள். தேவைப்பட்டால் ஈறைத் திறந்து ஆபரேஷன் செய்வார்கள். ஆடும் பல்லைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டி நிறுத்துவதும் உண்டு. மேலும் கீழுமாக ஆடும் பல்லை எடுத்துவிடுவதே பெரும்பாலும் வழி. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினால் வீக்கம் நாலு நாள் அடங்கும், கல் அப்படியே இருக்கும்.

எங்கே போவது?

கிளினிக் செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு, விக்டோரியா ஆஸ்பத்திரியை ஒட்டி, 1958-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மார்க்கெட்டில் இறங்கி நடந்துவிடலாம். மாணவர்கள் பார்ப்பதால் நேரம் பிடிக்கும். காலையிலேயே போய்விடுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் முதலில் தங்கள் டிஸ்பென்சரியில் கேளுங்கள். சம்பளத்தில் பிடித்த பணம்தானே!

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் கன்னடம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஈறுக்குக் கன்னடத்தில் 'வசடு'. 'வசடினல்லி ரக்த' என்று சொன்னால் போதும், டாக்டர் மற்றதைக் கேட்டுக்கொள்வார்.