சீன மனைவிக்கு அமெரிக்க விசா: எங்கே இழுக்கும், எதைத் தவிர்க்கலாம்?

அமெரிக்கக் குடிமகனை மணந்த வெளிநாட்டுப் பெண்ணுக்குத் தரப்படும் குடியேற்ற விசாவுக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. நாடுவாரியான ஒதுக்கீடும் இல்லை. சீனாவில் பிறந்த பெண்ணுக்கும் இதே விதிதான். இருந்தும், கல்யாணம் முடிந்து அவர் விமானம் ஏறுவதற்குள் ஒன்றரை, இரண்டு வருடம் ஓடிவிடுகிறது.

காரணம், ஒரே ஃபைல் மூன்று அலுவலகங்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது. முதலில் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ், அடுத்து தேசிய விசா மையமான என்விசி, கடைசியாகக் குவாங்சோ நகரில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்பது விண்ணப்பிப்பவர் கையில் இல்லை. ஆனால் ஃபைல் பாதியில் திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது. மனைவி சீனராக உள்ள தம்பதிகளின் ஃபைல் எங்கெங்கே சிக்குகிறது என்று பார்ப்போம்.

எந்த வழியில் போவது?

கணவர் குடிமகனா, கிரீன் கார்டு வைத்திருப்பவரா என்பதுதான் முதல் கேள்வி. கிரீன் கார்டுக்காரரின் மனைவி எஃப்2ஏ என்ற பிரிவில் வருவார். அதற்கு உச்சவரம்பு உண்டு. மாதாமாதம் வெளியாகும் விசா புல்லட்டினில் தன் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டும். இடையில் கணவர் குடியுரிமை வாங்கிவிட்டால் அந்த வரிசையிலிருந்து விடுதலை.

மனைவி ஏற்கெனவே மாணவியாகவோ ஊழியராகவோ முறைப்படி அமெரிக்காவில் இருந்தால், சீனாவுக்குத் திரும்பாமல் அங்கேயே ஐ-485 படிவம் மூலம் கிரீன் கார்டு கேட்கலாம். இதை வைத்துக் குறுக்குவழி தேடுபவர்களும் உண்டு. கையில் பத்து வருட சுற்றுலா விசா இருக்கிறதே, வந்து இறங்கிய பிறகு ஐ-485 போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். நிரந்தரமாகத் தங்கும் திட்டத்தை மறைத்து, சுற்றிப் பார்க்க வருவதாகச் சொல்லி நுழைவது பொய்த் தகவல் தந்ததாகக் கருதப்படலாம். வாழ்நாள் முழுக்க விசா கிடைக்காமல் போகும் அளவுக்கு அது தீவிரமான குற்றச்சாட்டு.

இன்னும் கல்யாணம் ஆகாதவர்களுக்கு கே-1 எனும் நிச்சயதார்த்த விசா இருக்கிறது. வந்த 90 நாளுக்குள் திருமணம் செய்து, பிறகு கிரீன் கார்டுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் மொத்தச் செலவு கூடிவிடும். கட்டுரையின் மீதிப் பகுதி, திருமணமாகி மனைவி சீனாவில் இருப்பவர்களுக்கானது.

முதல் கட்டம்: ஐ-130

கணவர் யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் ஐ-130 மனுவைக் கொடுப்பதில் தொடங்குகிறது. 2024 ஏப்ரல் முதல் கட்டணம் ஆன்லைனில் 625 டாலர், காகிதத்தில் 675 டாலர். மனைவியின் விவரங்களுக்கு ஐ-130ஏ படிவத்தைச் சேர்க்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் நிரூபிக்க வேண்டியவை இரண்டு. சட்டப்படி திருமணம் நடந்தது என்பது ஒன்று. அது விசாவுக்காகச் செய்த கல்யாணம் இல்லை என்பது மற்றொன்று. சீனாவில் பதிவான திருமணத்துக்குச் சிவப்பு அட்டை போட்ட சின்னப் புத்தகம் இரண்டு தருவார்கள். ஆளுக்கு ஒன்று, உள்ளே சிவப்புப் பின்னணியில் தம்பதியின் படம் ஒட்டியிருக்கும். ஆன்லைனில், இருவரும் வேறு வேறு இடத்தில் இருந்தபடி நடந்த திருமணம் என்றால் ஒரு நிபந்தனை உண்டு. அதன்பின் இருவரும் நேரில் சேர்ந்து மணவாழ்க்கையைத் தொடங்கியிருந்தால்தான் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் அதை ஏற்கும்.

உண்மையான உறவு என்பதற்கு ஆல்பம் முழுவதையும் அனுப்பத் தேவையில்லை. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு இடத்தில், இரு வீட்டாருடனும் எடுத்த சில படங்கள் போதும். பாஸ்போர்ட்டில் உள்ள நுழைவு முத்திரைகள், அனுப்பிய பணத்துக்கான ரசீதுகள், வீசாட் அழைப்புப் பதிவுகள் ஆகியவை படங்களைவிட அதிகம் பேசும். சீன மொழியில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பாளரின் சான்றும் இணைக்க வேண்டும்.

இரண்டாம் கட்டம்: என்விசி

மனு ஏற்கப்பட்டதும் ஃபைல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் போர்ட்ஸ்மவுத்தில் உள்ள என்விசிக்குப் போகும். குவாங்சோவுக்குப் போக வேண்டிய ஃபைல் என்றால் எண்ணின் தொடக்கத்தில் ‘ஜி-யு-இசட்’ என்ற மூன்று எழுத்து இருக்கும். விசா கட்டணம் 325 டாலர், பராமரிப்பு உறுதிமொழிக்கு 120 டாலர் கட்டிய பிறகு மனைவி டிஎஸ்-260 படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். 16 வயதிலிருந்து வசித்த எல்லா முகவரியையும் அது கேட்கும். கல்லூரி விடுதி, வேலைக்காக மாறிய நகரம் எதையும் விடக்கூடாது. கடந்த ஐந்து வருடத்தில் பயன்படுத்திய சமூக வலைதளக் கணக்குகளையும் சொல்ல வேண்டும். பட்டியலில் வெய்போ, டோபான் போன்ற சீனத் தளங்களும் இருக்கின்றன.

ஐ-864 எனும் பராமரிப்பு உறுதிமொழிதான் பல கணவர்களுக்குத் தலைவலி. வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். கணவன், மனைவி இருவர் மட்டும் உள்ள குடும்பத்துக்கு 2025-ம் ஆண்டுக் கணக்கில் அது 26,437 டாலர். அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் இன்னும் அதிகம். சீனாவில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டு மனைவியுடன் அங்கேயே வாழும் அமெரிக்கர்கள் இங்கே மூன்று இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிநாட்டில் சம்பாதித்தாலும் அமெரிக்காவில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதைப் பலர் மறந்திருப்பார்கள். ஊர் திரும்பியதும் நின்றுபோகும் சீனச் சம்பளம் கணக்கில் சேராது. அமெரிக்காவில் நிரந்தர வசிப்பிடம் உண்டு, அல்லது மனைவி வருவதற்குள் குடிவந்துவிடுவேன் என்பதையும் காட்டியாக வேண்டும். வருமானம் போதாவிட்டால் குறையும் தொகையின் மூன்று மடங்கு மதிப்புக்குச் சொத்து காட்டலாம். இல்லையென்றால் இன்னொருவர் கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்திடலாம். அந்தக் கையெழுத்து விவாகரத்துக்குப் பிறகும் கட்டுப்படுத்தும் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

நோட்டரி அலுவலகத்தில் ஒரு வேலை

பிறப்பு, திருமணம், குற்றப் பின்னணி இன்மை ஆகிய மூன்றுக்கும் அமெரிக்கத் தூதரகம் எதிர்பார்ப்பது, சீன நோட்டரி அலுவலகம் தரும் ‘கோங்ஜங்ஷு’ என்ற சான்றேட்டை. நம் ஊரில் வக்கீல் ஒருவர் முத்திரை குத்தித் தரும் நோட்டரி வேறு. சீனாவில் இது தனி அலுவலகம். மனைவி தன் குடும்ப அட்டை போன்ற ஹூகோ புத்தகம், அடையாள அட்டை, திருமணப் புத்தகத்துடன் போய் விண்ணப்பித்தால் அவர்கள் சரிபார்த்து, சீன மொழியில் சான்று, மூலத்தின் நகல், ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாம் சேர்த்துத் தைத்து, சிவப்பு முத்திரையுடன் ஒரு புத்தகமாகக் கொடுப்பார்கள். காவல் நிலையம் தரும் சான்றைத் தனியாக அனுப்பினால் போதாது. அதற்கும் இந்தப் புத்தகம் வேண்டும். முன்பு திருமணமாகி விவாகரத்து ஆனவர் என்றால் அதற்கும் தனிச் சான்றேடு.

பெயரின் எழுத்துக்கூட்டலை அங்கேயே ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது. ‘லூ’ என்று ஒலிக்கும் ஒரு குடும்பப் பெயரைப் பழைய பாஸ்போர்ட்டில் எல்-யு என்றோ எல்-வி என்றோ அச்சிட்டிருப்பார்கள். இப்போதைய பாஸ்போர்ட்டில் எல்-ஒய்-யு என்று வருகிறது. நோட்டரி பழக்கதோஷத்தில் ஒன்றும் பாஸ்போர்ட் அலுவலகம் வேறொன்றும் எழுதினால், கணினியில் இரண்டு ஆட்கள் ஆகிவிடுவார்கள். ஐ-130 படிவத்தில் சீன எழுத்திலேயே பெயரையும் முகவரியையும் எழுத இடம் உண்டு. அதைக் காலியாக விடவேண்டாம். சீனப் பெண்கள் திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயரை மாற்றுவதில்லை. கணவரின் பெயர் மனைவியின் தாள்களில் இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம்.

கட்சியில் இருந்தீர்களா?

வேறு பல நாட்டு மனைவிகளுக்குச் சம்பிரதாயமாகக் கடந்துபோகும் கேள்வி ஒன்று சீனாவில் நிஜமான தடையாகலாம். கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருப்பவருக்கு அமெரிக்கா குடியேற்ற விசா தருவதில்லை. பனிப்போர்க் காலமான 1950-களின் சட்டம் இது. 1990-ல் சுற்றுலா, படிப்பு விசாக்களுக்கு இந்தத் தடையை நீக்கிய நாடாளுமன்றம், குடியேறுபவர்களுக்கு மட்டும் அப்படியே விட்டுவைத்தது. சுமார் பத்துக் கோடி உறுப்பினர்கள் உள்ள கட்சியைப் பற்றிய விதி என்பதால் பாதிக்கப்படுவோர் கொஞ்சம் பேர் இல்லை. கல்லூரியில் நன்றாகப் படித்ததற்காகச் சேர்க்கப்பட்டவர், அரசு மருத்துவமனை வேலைக்காகச் சேர்ந்தவர் எல்லாரும் இதில் அடக்கம்.

விதிவிலக்குகள் உண்டு. 16 வயதுக்கு முன் மட்டும் உறுப்பினராக இருந்தால் பிரச்சினை இல்லை. பள்ளிக்கூடத்துச் சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய ‘இளம் முன்னோடி’கள் பயப்படத் தேவையில்லை. வேலைக்காகவோ பிழைப்புக்காகவோ வேறு வழியின்றிச் சேர்ந்தவர்கள் அதை விளக்கலாம். கொள்கைப் பிடிப்பு இல்லாத பெயரளவு உறுப்பினர் நிலையை வேறாகப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1957-ல் ரோவோல்ட் வழக்கில் சொல்லியிருக்கிறது. கட்சியை விட்டு விலகி ஐந்து வருடம் ஆகியிருந்தாலும் தடை பொருந்தாது. காரணமின்றி ஆறு மாதம் தொடர்ந்து சந்தா கட்டாதவரைத் தானாக விலகியவராகக் கருதலாம் என்று கட்சி விதியே சொல்வதால், கடைசியாகச் சந்தா கட்டிய தேதிக்கு ஆதாரம் தேடி வைப்பது பலன் தரும். எதுவும் பொருந்தாவிட்டால், அமெரிக்கக் குடிமகனின் மனைவி என்ற அடிப்படையில் ஐ-601 படிவம் வழியாக விலக்கு கேட்கலாம். இதெல்லாம் இருக்கும்போது ‘இல்லை’ என்று பொய் சொல்வதுதான் மோசமான தேர்வு. உறுப்பினர் நிலைக்கு மருந்து உண்டு; பொய்க்கு மருந்து கிடைப்பது மிகக் கடினம். இந்தக் கேள்வி பொருந்துபவர்கள் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்த பிறகே டிஎஸ்-260-ஐ நிரப்ப வேண்டும்.

மூன்றாம் கட்டம்: குவாங்சோ

பெய்ஜிங்கில் தூதரகமும் ஷாங்காயில் துணைத் தூதரகமும் இருந்தாலும், சீனப் பெருநிலத்தின் எல்லாக் குடியேற்ற விசாவுக்கும் நேர்காணல் குவாங்சோவில்தான். ஹார்பினில் இருப்பவரும் தெற்கே வந்தாக வேண்டும். ஹாங்காங் வாசிகளுக்கு ஹாங்காங்கிலேயே நடக்கும். நேர்காணலுக்கு முன் தூதரகம் அங்கீகரித்த மருத்துவ மையத்தில் பரிசோதனை முடிக்க வேண்டும்: மார்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, தடுப்பூசிகள். வேறு எங்கு எடுத்த அறிக்கையும் செல்லாது.

நேர்காணல் சில நிமிடங்களே நடக்கலாம். எப்படிச் சந்தித்தீர்கள், எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள், கணவருக்கு முந்தைய திருமணம் உண்டா, அவருக்கு என்ன வேலை என்பது போன்ற கேள்விகள் வரும். இருவருக்கும் பொதுமொழி குறைவாக இருந்தால் அதை மறைக்காமல், மொழிபெயர்ப்புச் செயலியில் பேசுகிறோம் என்று உள்ளதைச் சொல்வதே பாதுகாப்பு. ஏதாவது தாள் குறைந்தால் 221(ஜி) என்ற சீட்டு கொடுப்பார்கள். அது முடிவான மறுப்பு ஆகாது. ஒரு வருடத்துக்குள் கேட்டதைக் கொடுத்தால் ஃபைல் தொடரும்.

தமிழ்ப் பொறியாளர்களுக்கு ஒரு குறிப்பு

எச்-1பி விசாவில் இருந்துகொண்டு வேலைவழி கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் தமிழர் ஒருவர், சீனாவில் பிறந்த பெண்ணை மணந்திருந்தால் மனைவி பிறந்த நாட்டின் வரிசையில் நிற்கலாம். சட்டம் இதை அனுமதிக்கிறது. இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். 2025 அக்டோபர் விசா புல்லட்டினில், வேலைவழி கிரீன் கார்டுக்கான ஈபி-2 பிரிவில் இந்தியாவுக்கு 2013 ஏப்ரல் தேதி ஓடிக்கொண்டிருந்தபோது சீனாவுக்கு 2021 ஏப்ரல் ஓடியது. எட்டு வருட வித்தியாசம். நிறுவனத்தின் வழக்கறிஞர் தானாகக் கேட்காவிட்டால் நாமே எடுத்துச் சொல்ல வேண்டும்.

விசா வந்த பிறகு

மருத்துவப் பரிசோதனையின் காலாவதியைப் பொறுத்து, விசா அதிகபட்சம் ஆறு மாதம் செல்லும். கிளம்பும் முன் 235 டாலர் குடியேற்றக் கட்டணத்தை ஆன்லைனில் கட்ட வேண்டும். இதுவரையிலான அரசுக் கட்டணங்களைக் கூட்டினால் ஆன்லைன் மனுவுக்கு 1,305 டாலர். மருத்துவம், நோட்டரி, பயணம் தனி. கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் கட்டும் நாளில் அரசுத் தளத்தைப் பார்ப்பது அவசியம். அமெரிக்காவில் நுழைந்ததும் முத்திரையிட்ட விசாவே ஒரு வருடத்துக்கு கிரீன் கார்டாகச் செல்லும். அன்றே வேலைக்குப் போகலாம்.

நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் கிடைப்பது இரண்டு வருட நிபந்தனை அட்டை. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 போட வேண்டும். கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், காப்பீடு ஆகியவற்றை முதல் மாதத்திலிருந்தே இருவர் பெயரிலும் வைத்தால் அப்போது அலைய வேண்டியதில்லை. குடிமகனின் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்தால் மூன்று வருடத்தில் குடியுரிமை கேட்கலாம். அது கிடைத்தால் கணவர் கையெழுத்திட்ட பராமரிப்பு உறுதிமொழியும் முடிவுக்கு வரும். ஆனால் சீனாவின் 1980-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கிய நாளிலிருந்து பெற்றோரைப் பார்க்கவும் அவர் சீன விசா எடுக்க வேண்டும். அதனால் கிரீன் கார்டைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு சீனப் பாஸ்போர்ட்டையே வைத்திருப்பவர்களும் உண்டு. இந்த முடிவுக்குக் கெடு எதுவும் இல்லை. நிதானமாகப் பேசி எடுக்கலாம்.