மண்ணிலிருந்து குடலுக்கு

எலவனாசூர்கோட்டையிலிருந்து கள்ளக்குறிச்சியை நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளைகின்றன. அவற்றுக்கு அப்பால் மேற்கே கல்வராயன் மலை நீண்டு கிடக்கிறது. அங்கே சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு வாழ்பவர் மலையாளிப் பழங்குடியினர். சமவெளியாயினும் மலையாயினும் உழைப்போரின் வெறுங்கால் ஈரமண்ணில் படியாத நாளில்லை. அந்த ஈரமண்ணையே மனித உடலுக்குள் நுழையும் வாயிலாகக் கொண்ட உயிரி ஒன்று உண்டு. அதுவே கொக்கிப்புழு. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளில் மென்று விழுங்கத் தரப்படும் அல்பெண்டசோல் மாத்திரை, இப்புழுவையும் உருண்டைப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றையும் குறிவைத்ததாகும்.

கொக்கிப்புழுவின் நீளம் ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர். தலைப்பகுதி வளைந்து கொக்கிபோல் தோன்றுவதால் இப்பெயர் பெற்றது. மனிதரைத் தாக்குவனவற்றுள் இரண்டு இனங்கள் முதன்மையானவை. அங்கைலோஸ்டோமா டியோடினேல் என்னும் இனத்தின் வாயறையில் கூரிய பற்கள் உள்ளன; நெகேட்டர் அமெரிக்கானஸ் என்னும் இனத்தில் பற்களுக்கு மாறாக வெட்டுத்தகடுகள் அமைந்துள்ளன. இவை சிறுகுடலின் உட்சுவரைக் கவ்விக் கிழித்து, இரத்தம் உறைவதைத் தடுக்கும் புரதங்களைச் சுரந்து, குருதியை உறிஞ்சுகின்றன. நெகேட்டர் புழு ஒன்றால் நாளொன்றுக்கு ஏற்படும் இழப்பு சுமார் 0.03 மில்லிலிட்டர், மற்றதனால் ஏற்படுவது இதைப்போல் ஐந்து மடங்கு. கேட்கும்போது இவ்வளவு அற்பமா என்று தோன்றும். ஆனால் நூறு நெகேட்டர் புழுக்கள் ஒருவரின் குடலில் தங்குமாயின் மாதத்திற்கு 90 மில்லிலிட்டர் குருதி வீணாகும். இரும்புச்சத்து குறைந்த உணவை உண்டு, நாள் முழுதும் களையெடுக்கும் பெண்ணொருத்திக்கு இவ்விழப்பை ஈடுசெய்வது எளிதன்று.

ஒட்டுண்ணி வாழ்க்கை உறுப்புகளை இழக்கச் செய்யும் என்று பொதுவாகக் கூறுவர். அது பாதி உண்மையே. நாடாப்புழுவுக்கு வாயும் இல்லை, உணவுக்குழலும் இல்லை. விருந்தோம்பியின் குடலில் செரித்துக் கிடக்கும் உணவைத் தன் உடற்பரப்பின் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. கொக்கிப்புழுவோ நேர்மாறாகத் தன் வாயைப் படைக்கலமாகக் கூர்மையாக்கிக்கொண்டது. குடல் என்னும் ஒரே வாழிடத்தில் ஒன்று வாயை இழந்தது, மற்றொன்று வாயால் வாழ்கிறது.

இப்புழு மண்ணை விட்டு முற்றிலும் பிரிந்துவிடவில்லை என்பது படிமலர்ச்சி நோக்கில் இன்னும் வியப்புக்குரியது. மலத்துடன் வெளியேறும் முட்டை, நிழலும் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் பொரிகிறது. முதலிரு பருவங்களில் இளவுயிரி, மண்ணில் தன்னுரிமையோடு வாழும் எந்தச் சிறு உருளைப்புழுவையும் போலப் பாக்டீரியாக்களை உண்டு வளர்கிறது. மூன்றாம் பருவத்தில் உண்பதை நிறுத்தி, பழைய தோலையே உறையாகப் போர்த்திக்கொண்டு, சேமித்த கொழுப்பைச் செலவிட்டபடி வெறுங்காலுக்காகக் காத்திருக்கிறது. 1998ஆம் ஆண்டு முழு மரபுத்தொகுதியும் படித்தறியப்பட்ட சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்னும் மண்புழுதிவாழ் சிறுபுழு, கொக்கிப்புழுவின் நெருங்கிய உறவினம். அதுவும் உணவு குன்றிய காலத்தில் இதுபோன்றே உண்ணாத, தாங்குதிறன் மிக்க பருவத்தை அடைகிறது. பஞ்சத்தைக் கடக்க மூதாதையர் கொண்டிருந்த அந்தப் பருவமே பின்னர் விருந்தோம்பியைத் தேடிச் செல்லும் பருவமாயிற்று என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அதே 1998இல் வெளியான மரபணு ஒப்பாய்வு, உருளைப்புழுக்களிடையே விலங்கு ஒட்டுண்ணி வாழ்க்கை குறைந்தது நான்கு முறை தனித்தனியே தோன்றியது என்று காட்டியது.

காலின் தோலைத் துளைத்த இளவுயிரி குருதியோட்டத்தில் இதயத்தை அடைந்து, நுரையீரலுக்குச் சென்று, மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை எய்துகிறது. இந்தச் சுற்றுவழி எதற்கு? உருண்டைப்புழுவின் கதை இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகிறது. அதன் முட்டை உணவோடு நேரே குடலுக்குள் வந்து பொரிகிறது. இருந்தும் இளவுயிரி குடலை விட்டு வெளியேறி, கல்லீரலையும் நுரையீரலையும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்திற்கே திரும்புகிறது. தோலைத் துளைத்து நுழைந்த மூதாதையர் பயணத்தின் எச்சம் இது என்பது சிலர் தரும் விளக்கம்.

1838இல் மிலான் நகரில் ஏஞ்செலோ டுபினி என்னும் மருத்துவர் பிணக்கூறாய்வின்போது இப்புழுவைக் கண்டார். 1880இல் ஆல்ப்சு மலையைக் குடைந்து கோத்தார்டு சுரங்கம் அமைத்த தொழிலாளரிடையே பரவிய கடும் இரத்தசோகைக்கு இதுவே காரணம் என்பது புலனாயிற்று. ஆயினும் அது உடலுள் நுழையும் வழியை எவரும் அறியார். 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்னும் ஆய்வாளரின் கையில் இளவுயிரிகள் கலந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. அவ்விடம் சிவந்து எரிந்தது. சில வாரங்கள் கழித்துத் தம் மலத்திலேயே அவர் முட்டைகளைக் கண்டார். இவரே 1911இல் இலங்கையின் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து எடுத்த புதிய கொக்கிப்புழு இனத்தை விவரித்து, அதற்கு அத்தீவின் பெயரை இட்டார்.

அதே இலங்கையில்தான் இப்புழுவின் வரலாறு தமிழரின் வரலாற்றோடு பின்னிக்கொண்டது. தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலித் தொழிலாளரின் சோர்வைச் சோம்பல் என்று பழித்தவர் பலர். அமெரிக்காவின் தென்மாநில ஏழைகளைக் குறித்தும் இதே பழி வழங்கிற்று. 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உடல்நலக் குழுவினர் மாத்தளைத் தோட்டங்களில் பணி தொடங்கியபோது, சோம்பலெனப்பட்டது குருதியிழப்பு என்பது தெளிவாயிற்று. அக்காலத்து மருந்துகளுள் ஒன்று தைமால். நம் வீட்டு ஓமத்திலிருந்து எடுக்கப்படும் ஓம உப்பு. மருந்துக்கு இசைந்த தோட்ட உரிமையாளர் பலர் கழிப்பிடம் கட்டும் செலவுக்குத் தயங்கினர். மருந்துண்டு நலமடைந்தவர் மறுநாள் அதே மண்ணில் அதே வெறுங்காலோடு கொழுந்து பறிக்கச் சென்றார். புழு மீண்டும் வந்தது.

கல்வராயன் மலையைப் போலவே மலையாளிப் பழங்குடியினர் வாழும் சவ்வாது மலையில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர் மேற்கொண்ட ஆய்வொன்று 2013இல் வெளியாயிற்று. ஆராயப்பட்டவருள் பத்தில் ஏறத்தாழ நால்வரிடம் கொக்கிப்புழுத் தொற்று இருந்தது. உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் மிகச் சிலரிடமே காணப்பட்டன. 2015இல் இந்தியாவில் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள் 1 முதல் 19 வயது வரை உள்ளோர்க்கு உரியது. உருண்டைப்புழு சிறுவரிடம் மிகுதி என்பதால் அவ்வயது வரம்பு அதற்குப் பொருந்தும். கொக்கிப்புழுவோ வயல்வேலை செய்யும் பெரியோரிடமும் மிகுதியாகத் தங்குவது. பிள்ளை மாத்திரை உண்ட வீட்டிலேயே மாத்திரை பெறாத தாயும் தந்தையும் பாட்டனும் இருக்கின்றனர். நெகேட்டர் பெண்புழு ஒன்று நாள்தோறும் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது.

இக்குறையைச் சோதிக்கவே சவ்வாது மலையிலும் திமிரி வட்டாரத்திலும் ‘டிவோர்ம் 3’ என்னும் ஆய்வு நடைபெற்றது. ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி நாடுகளிலும் அதே காலத்தில் அது நிகழ்ந்தது. ஒவ்வொரு நாட்டிலும் நாற்பது குடியிருப்புத் தொகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பாதித் தொகுதிகளில் சிறுவர்க்கு மட்டும் வழக்கம்போல் மருந்து. மறுபாதியில் குழந்தை முதல் முதியோர் வரை அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை வீதம் மூன்றாண்டுகள். பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, வயலுக்குப் புறப்படுமுன் விடியற்பொழுதில் ஆட்களைக் கண்டு, கண்முன்னே மாத்திரையை விழுங்கச் செய்யவேண்டியிருந்தது. மருந்து குடலிலுள்ள புழுவை வெளியேற்றும். மண்ணில் உறை போர்த்துக் காத்திருக்கும் இளவுயிரியை அது தொடுவதில்லை.