வாக்குச் சீட்டு இல்லாத வேட்பாளர்

ஈப்போவில் ஒருவரை மாநகர் மன்றத்துக்கு அனுப்ப வேண்டுமா? வீடு வீடாக ஏறி இறங்க வேண்டாம். போஸ்டர் ஒட்ட வேண்டாம். கட்சிக் கிளையில் பெயரை முன்மொழிந்து, தொகுதி வழியாக மாநிலத் தலைமைக்கு அனுப்பினால் போதும். அங்கே எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று பேசி முடிப்பார்கள். பதவிப் பிரமாணம் முடிந்து பத்திரிகையில் படம் வந்த பிறகுதான் தங்கள் கவுன்சிலர் யாரென்று தாமான்வாசிகளுக்குத் தெரியவரும்.

இந்த நியமன முறைக்கு வழிவகுத்தது 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம். தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை மாநில அரசே நியமிக்கலாம். ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் 15 ஊராட்சி மன்றங்கள் இருக்கின்றன. அவற்றில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களில் ஒருவர்கூட மக்களிடம் வாக்கு வாங்கி வந்தவர் அல்லர்.

வாக்களித்த ஊர்

எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்றில்லை. மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் நடந்தது. நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்பே மக்கள் வாக்குப் போடப் பழகியது இத்தகைய தேர்தல்களில்தான். ஈப்போவிலும் நடந்தன. அங்கே கோலோச்சியது 1953இல் தொடங்கிய மக்கள் முற்போக்குக் கட்சி. அதை நடத்தியவர்கள் யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த வழக்கறிஞர் சகோதரர்கள் டி.ஆர். சீனிவாசகமும் எஸ்.பி. சீனிவாசகமும். டி.ஆர். நாடாளுமன்றத்தில் ஈப்போவின் குரலானார், எஸ்.பி. நகராண்மைக் கழகத் தலைவராகவும் இருந்தார்.

அன்றைய ஈப்போவில் வாக்காளர்களில் பெரும்பான்மையினர் சீனர்கள். ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள், சிறு கடைக்காரர்கள், புதுக்கிராமவாசிகள். இனக் கணக்கு ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் தமிழர் இருவர் அந்த ஊரில் தலையெடுத்திருக்கவே முடியாது. கூப்பிட்ட குரலுக்கு வருகிறார்கள், நமக்காக வழக்காடுகிறார்கள் என்பதைப் பார்த்து மக்கள் வாக்களித்தார்கள். 1969இல் டி.ஆர். மறைந்தார். ஈப்போ நகரின் நடுவே அவர் பெயரைத் தாங்கிய பூங்கா இன்றும் இருக்கிறது.

நின்றுபோன தேர்தல்

இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, 1965 மார்ச்சில் அரசாங்கம் ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டில் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. மன்றங்களில் கோளாறுகள் உண்டு, ஆனாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று 1968இல் அந்த ஆணையம் அறிக்கை கொடுத்தது. அரசு ஏற்கவில்லை. தற்காலிகமாக நின்ற தேர்தலை 1976ஆம் ஆண்டுச் சட்டம் நிரந்தரமாக மூடியது. பின்னாளில் பினாங்கு அரசு தன் மாநில அளவில் ஊராட்சித் தேர்தல் நடத்தச் சட்டம் இயற்றியபோது, 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதையும் தடுத்துவிட்டது.

லயத்திலிருந்து தாமானுக்கு

இதில் நம்மவர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. ரப்பர் தோட்டத்தில் லயம், தண்ணீர், ஆயாக்கொட்டகை எல்லாமே கம்பெனியின் கையில். குழாய் உடைந்தால் கிராணியிடம் சொல்வார்கள். பெரிய விஷயமென்றால் துரைவரை போகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கத்துக் குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. இப்போது சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, அங்காடிக் கடை லைசென்ஸ் எல்லாம் மன்றத்தின் கையில். ஈப்போவின் புந்தோங்கில் கச்சாங் பூத்தே வறுத்து விற்பவர் லைசென்ஸ் புதுப்பிக்கவும், கோயில் திருவிழாவுக்குத் தெருவை மறிக்கவும் போக வேண்டிய இடம் அதுதான். வரி கட்டுகிறோம், ஆனால் அங்கே நமக்காகப் பேசுகிறவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை.

"நியமனம் இருக்கிறவரைக்கும் நமக்கு ரெண்டு சீட்டாவது கிடைக்கும், தேர்தல் வந்தால் அதுவும் போய்விடும்" என்று நம்மவர்களே சொல்வதுண்டு. அச்சம் நியாயமானதுதான். ஆனால் நியமனத்தில் வந்த சீட்டு யாருடையது? கொடுத்த கட்சியுடையது. அந்தக் கவுன்சிலர் தாமான்வாசியைச் சமாதானப்படுத்தத் தவறினாலும் பதவி தப்பும். தொகுதித் தலைவரைச் சமாதானப்படுத்தத் தவறினால் தப்பாது. சீனர்களின் வாக்கில் சிறுபான்மைத் தமிழர் ஜெயித்த ஊரில் இருந்துகொண்டு, தேர்தலைக் கண்டு நாம் பயப்படுவது பொருந்தாது.

தேர்தல் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்த ஊராட்சிப் பகுதியில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஊராட்சி விவகாரத்தில் அனுபவமோ, தொழிலில் சிறப்போ, தம் சமூகத்துக்காகப் பேசும் திறனோ இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அப்படி ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், அடுத்த நியமனத்துக்கு முன்பே குடியிருப்போர் சங்கத்தைக் கூட்டுங்கள். அவர் இதுவரை செய்த வேலையை எழுதி, அக்கம்பக்கத்தாரிடம் கையெழுத்து வாங்கி, சட்டமன்ற உறுப்பினரிடமும் ஊராட்சித் துறை ஆட்சிக்குழு உறுப்பினரிடமும் நேரில் கொடுங்கள். மலாய்க்கார, சீன அண்டைவீட்டாரின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். நியமனம் ஆன பிறகு மன்றக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். பொதுமக்களும் பத்திரிகையாளரும் பார்க்கலாம் என்பது சட்டம் தந்த உரிமை. நீங்கள் ஆதரித்தவர் அங்கே வாய் திறக்கிறாரா என்று கவனியுங்கள். திறக்கவில்லையென்றால், அடுத்த முறை வேறு பெயரை எழுதுங்கள்.